ஐக்கியம் குறித்த அறிக்கைகளும் அவை சொல்லாமல் விடுபவையும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கியத்துக்கான ஜெப வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1908-ல் தொடங்கிய வழக்கம் அது. அந்த எட்டு நாட்களில் ஆயர்களும் பேராயர்களும் முதுபெரும் தந்தையரும் வெளியிடும் செய்திகளை நான் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். தேதியையும் கையொப்பத்தையும் மறைத்துவிட்டால், பெரும்பாலானவை எந்த ஆண்டு, எந்தச் சபையின் தலைவரால் எழுதப்பட்டவை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நம்மைப் பிரிப்பவற்றைவிட நம்மை இணைப்பவை அதிகம் என்பார்கள். ஒன்றாக நடப்போம், உரையாடலை ஆழப்படுத்துவோம், தூய ஆவியானவரின் வழிநடத்துதலுக்குக் காத்திருப்போம் என்பார்கள். யோவான் நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் இயேசு செய்த ஜெபத்திலிருந்து "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்ற சொற்களை எடுத்துக்காட்டி முடிப்பார்கள். அந்த ஜெபம் அங்கே நின்றுவிடுவதில்லை. உலகம் விசுவாசிக்கும்படி அவர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று அது தொடர்கிறது. ஆகவே அங்கே கேட்கப்படுவது உலகத்தின் கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒன்று; எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாத ஐக்கியத்தை அந்த வசனத்தின் துணையோடு அறிவிப்பது எனக்கு எப்போதும் சற்று நெருடலாகவே இருந்திருக்கிறது.

இவற்றை எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது என் வாதமல்ல. அவர்களில் பலர் பிரிவினையால் உண்மையாகவே வருந்துகிறவர்கள் என்று நம்புகிறேன். ஆனால் ஓர் அறிக்கை வெளியான பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்தில் எது மாறும், எது மாறாது என்று அதை வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாதபோது, தலைவர்கள் எடுக்கத் தயங்கிய முடிவு மறைந்துபோய்விடுவதில்லை. அது படிப்படியாகக் கீழே இறங்கி, ஒரு பங்குக்குருவின் தலையிலோ, இரு சபைகளைச் சேர்ந்த கணவன் மனைவியின் தலையிலோ வந்து விழுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு அண்மைக் காலத்தில் மிகத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. 2015 நவம்பர் 15 அன்று கத்தோலிக்கரின் தலைவரான திருத்தந்தை (போப்) பிரான்சிஸ், ரோம் நகரில் புராட்டஸ்டன்ட் பிரிவுகளுள் ஒன்றான லூத்தரன் சபையின் ஆலயத்துக்குச் சென்றார். அங்கே நடந்த கேள்வி பதிலின்போது, கத்தோலிக்கர் ஒருவரை மணந்திருந்த லூத்தரன் பெண் ஒருவர், தானும் தன் கணவரும் சேர்ந்து ஆண்டவரின் திருவிருந்தான நற்கருணையில் பங்குகொள்ள முடியாமல் இருக்கும் வேதனையைச் சொல்லி, இந்த விஷயத்தில் முன்னேறுவதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். ஆம் என்றோ, இல்லை என்றோ, இன்னின்ன சூழலில் மட்டும் என்றோ பதில் சொல்லக்கூடிய கேள்விதான் அது. கிடைத்த பதில் நீளமானது. ஒன்றாக ஆண்டவரின் விருந்தில் அமர்வது பயணத்தின் முடிவா அல்லது பயணத்துக்கான வழியுணவா என்ற எதிர்க்கேள்வி அதில் இருந்தது; அதை இறையியலாளர்களிடம் விட்டுவிடுவதாகவும் அவர் சொன்னார். ஒரே ஆண்டவர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் என்ற பவுலின் வார்த்தைகள் நினைவூட்டப்பட்டன. இறுதியில், ஆண்டவரிடம் பேசுங்கள், முன்னே செல்லுங்கள் என்று கூறிவிட்டு, அதற்கு மேல் சொல்லத் தமக்குத் துணிவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டார்.

ஒரு மேய்ப்பர் தம்மைத் தேடிவந்த ஒருவரிடம் தனியறையில் பேசிய வார்த்தையாக எடுத்துக்கொண்டால், இதில் பரிவு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் திருத்தந்தை ஓர் ஆலயத்தில் பலர் முன்னிலையில் பேசுவது தனியறைப் பேச்சாக நிற்பதில்லை. தடை நீங்கிவிட்டது என்று சிலர் அதற்குப் பொருள் கொண்டார்கள். எதுவும் மாறவில்லை, மனச்சாட்சியை ஆராயும்படி மட்டுமே சொன்னார் என்று வேறு சிலர் பொருள் கொண்டார்கள். இரு தரப்பினரும் ஒரே பதிலையே சான்றாகக் காட்ட முடிந்தது என்பதுதான் சிக்கல்.

அதன் விளைவை 2018-ல் ஜெர்மனியில் காண முடிந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட் சபையினரும் ஏறக்குறைய சம அளவில் வாழும் அந்த நாட்டில் கலப்புத் திருமணங்கள் மிக இயல்பானவை. அவ்வாண்டு பிப்ரவரியில் ஜெர்மன் ஆயர் பேரவை, கத்தோலிக்கரை மணந்த புராட்டஸ்டன்ட் துணைவர்கள் குறிப்பிட்ட சூழல்களில் நற்கருணை பெறுவது குறித்த வழிகாட்டி ஒன்றைப் பெரும்பான்மை வாக்கில் ஏற்றது. ஏழு ஆயர்கள் அதை எதிர்த்து ரோமுக்குக் கடிதம் எழுதினார்கள். மே மாதத் தொடக்கத்தில் வத்திக்கானில் கூட்டம் நடந்தது. முடிந்தவரை ஒருமித்த முடிவை நீங்களே காணுங்கள் என்று ஆயர்களிடம் கூறப்பட்டது. அதே மாத இறுதியில், அந்த ஏடு வெளியிடத்தக்க அளவுக்குப் பக்குவமடையவில்லை என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்திலிருந்து கடிதம் வந்தது. ஜூன் மாதத்தில் அது ஆயர் பேரவையின் ஆணையாக அல்லாமல், ஆயர்களுக்கான உதவிக் குறிப்பு என்ற நிலையில் வெளியானது. பின்பற்றுவதும் விடுவதும் அந்தந்த மறைமாவட்ட ஆயரின் விருப்பம் என்றானது. ஆண்டவரிடம் பேசி முன்னே செல்லுங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு, கடைசியில் தாங்கள் எந்த மறைமாவட்ட எல்லைக்குள் வசிக்கிறோம் என்பதே பதிலாகக் கிடைத்தது.

பொதுவாகக் கவனிக்கப்படாத ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். தெளிவற்ற அனுமதி எல்லாருக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. துணிந்தவர்கள் எழுந்து சென்று பெற்றுக்கொள்கிறார்கள். மனச்சாட்சி நுட்பமானவர்கள், தங்கள் செயலால் துணைவரின் சபைக்கு அவமதிப்பு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள், இருக்கையிலேயே இருந்துவிடுகிறார்கள். எந்தச் சட்டத்தையும் மதிப்பவர்களுக்கே அதிகச் சுமை ஏற்றும் ஓர் ஏற்பாட்டை இரக்கம் என்று அழைப்பது எனக்கு முடிவதில்லை. 2016 அக்டோபர் 31 அன்று ஸ்வீடனின் லுண்ட் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வெளியிட்ட கூட்டறிக்கை இந்த வேதனையை மறைக்காமல் பேசியது. வாழ்க்கை முழுவதையும் பகிர்ந்துகொள்ளும் தம்பதியர் நற்கருணை மேசையைப் பகிர்ந்துகொள்ள முடியாமல் படும் துயரத்தைத் தாங்கள் உணர்வதாக அதில் சொல்லப்பட்டது. வேதனையைப் பெயர் சொல்லி அழைத்த அளவில் அது நேர்மையான அறிக்கை. அந்த வேதனையைத் தீர்க்கத் தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்ற இடத்தில், வழக்கமான ஏக்கமும் நம்பிக்கையும்தான் இருந்தன.

தலைவர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பதற்குக் கோழைத்தனம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம், அது நியாயமாகாது. அவர்களுக்கு இருக்கும் அதிகாரம் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணும் அளவுக்குப் பெரியதல்ல. கான்டர்பரி பேராயர், இங்கிலாந்துத் திருச்சபையின் மரபில் வந்த உலக ஆங்கிலிக்கன் சபைகளுக்கு மதிப்புக்குரிய தலைமையே தவிர, தம் நாட்டுக்கு வெளியேயுள்ள ஒரு மாகாணத்துக்கும் அவர் கட்டளையிட முடியாது. கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை, கிழக்கு மரபைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளிடையே முதல் மரியாதைக்குரியவர். மாஸ்கோவோ, ஏதென்ஸோ அவர் சொன்னபடி நடக்க வேண்டியதில்லை. திருத்தந்தைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் முன்னோர் வரையறுத்த கோட்பாடுகளுக்கு அவரும் கட்டுப்பட்டவர்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய காயமும் இருக்கிறது. 1439 ஜூலையில் ஃபிளாரன்ஸில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் இணைந்ததாக ஆணை கையெழுத்தாகி, முறையாக வாசிக்கப்பட்டது. பைசாந்தியப் பேரரசரும் கிழக்கின் ஆயர்கள் பெரும்பாலோரும் ஒப்புக்கொண்டார்கள். எபேசு நகரப் பேராயர் மாற்கு மறுத்தார். ஊர் திரும்பிய ஆயர்களைக் கிழக்கின் துறவியரும் மக்களும் ஏற்கவில்லை. கையெழுத்திட்டவர்களில் சிலர் தங்கள் ஒப்புதலையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த இணைப்பு ஏட்டோடு நின்றுபோனது, மாற்குவோ பின்னர் புனிதராகப் போற்றப்பட்டார். துருக்கியரின் படையெடுப்பிலிருந்து மேற்கின் உதவியைப் பெறும் அவசரமும் அந்தக் கையெழுத்துகளுக்குப் பின்னால் இருந்தது என்பது வேறு கதை. மக்களை விட்டுவிட்டுத் தலைவர்கள் மட்டும் முன்னே போனால் என்ன ஆகும் என்பதை ஆர்த்தடாக்ஸ் ஆயர் எவரும் இன்றும் மறந்துவிடவில்லை. ஆகவே அவர்கள் சொற்களை அளந்து பேசுவதை நான் குறை சொல்லவில்லை. அளந்து பேசுவதும் மங்கலாகப் பேசுவதும் ஒன்றல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது.

அளந்து பேசுவதற்கு நல்ல முன்மாதிரிகள் ஐக்கிய இயக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கின்றன. 1948-ல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கப்பட்டபோது, இது எல்லாச் சபைகளையும் விழுங்கப்போகும் ஒரு பெருஞ்சபையோ என்ற அச்சம் எழுந்தது. இரண்டே ஆண்டுகளில் டொராண்டோவில் கூடிய அதன் மையக் குழு வெளிப்படையாக எழுதிவைத்தது: இந்த மன்றம் ஒரு மேல்சபை அல்ல, இதில் உறுப்பினராக இருப்பதால், ஒரு சபை மற்றச் சபைகளை முழுமையான பொருளில் திருச்சபைகள் என்று ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. கேட்பதற்கு உற்சாகம் தரும் வாசகமல்ல. ஆனால் அதை நம்பித்தான் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் பலவும் அந்த மன்றத்துக்குள் வரவும் நீடிக்கவும் முடிந்தது.

இன்னொன்று 1984 ஜூன் 23 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் சிரிய ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் சக்கா இவாஸும் கையெழுத்திட்ட அறிக்கை. என்னைப் பொறுத்தவரை இவ்வகை ஏடுகளில் இதுவே மிகச் சிறந்தது. கிறிஸ்துவின் இயல்பு குறித்து 5-ஆம் நூற்றாண்டில் எழுந்த பிளவு, விசுவாசத்தின் சாரத்தைத் தொடுவதல்ல என்று அது முதலில் சொல்கிறது. அடுத்து, முழுமையான ஒத்த விசுவாசம் இன்னும் இல்லாததால் இரு சபைகளின் குருக்களும் சேர்ந்து திருப்பலி நிறைவேற்ற முடியாது என்று தயங்காமல் சொல்கிறது. பிறகு, தங்கள் சபையின் குருவை அணுக முடியாத நிலையில் இருக்கும் விசுவாசிகள், தேவை நேரும்போது மற்றச் சபையின் குருவிடம் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, நோயில்பூசுதல் ஆகிய அருட்சாதனங்களைக் கேட்கலாம் என்று அனுமதிக்கிறது. என்ன உண்டு, என்ன இல்லை, யாருக்கு, எப்போது என்பதெல்லாம் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. தம் சபைக் குரு எவரும் இல்லாத ஊரில் நோயுற்றுக் கிடக்கும் ஒரு சிரிய ஆர்த்தடாக்ஸ் முதியவருக்கு அந்த ஏட்டினால் பயன் உண்டு.

சில சமயங்களில் ஒரு கேள்வியைத் திறந்தே விடுவதுகூடத் தேவையாகலாம். 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒரே சபையானார்கள். ஆயர் பதவி என்பது அப்போஸ்தலர் காலம் முதல் அறாமல் வரும் தொடர்ச்சியா, அல்லது நல்லாட்சிக்கான பயனுள்ள ஏற்பாடா என்பதில் அவர்களுக்குள் உடன்பாடு இருக்கவில்லை. ஆயர் பதவியை ஏற்கிறோம், அதற்கான குறிப்பிட்ட எந்த விளக்கத்தையும் எவர்மீதும் திணிக்க மாட்டோம் என்று அமைப்புச் சட்டத்திலேயே எழுதினார்கள். இங்கே தெளிவின்மை இருக்கிறது, ஆனால் அது ஒளித்துவைக்கப்படவில்லை. எது முடிவானது, எது விவாதத்துக்குரியது என்ற எல்லைக்கோடு எல்லாருக்கும் தெரியும்படி வரையப்பட்டது. அதற்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். உலக ஆங்கிலிக்கன் சபைகள் நீண்ட காலம் இந்தப் புதிய சபையைத் தயக்கத்தோடுதான் பார்த்தன.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் கையெழுத்திட்ட, நீதிமானாக்கப்படுதல் (மனிதர் கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுவது) குறித்த கூட்டுப் பிரகடனத்தையும் இந்த வரிசையில்தான் வைப்பேன், தயக்கத்தோடு. இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிடுவது இது, லூத்தரன்கள் இதை விளக்கும் விதம் இது, கத்தோலிக்கர் விளக்கும் விதம் இது என்று ஒவ்வொரு தலைப்பிலும் மூன்றையும் அது அடுத்தடுத்து வைத்தது. 16-ஆம் நூற்றாண்டில் இரு தரப்பும் ஒன்றன்மீது ஒன்று விதித்த கண்டனங்கள் இந்தப் பிரகடனத்தில் முன்வைக்கப்பட்ட போதனைக்குப் பொருந்தா என்று முடித்தது. கையெழுத்தாவதற்கு முன்பே ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் இறையியல் பேராசிரியர்கள் 150 பேருக்கு மேல் அதை எதிர்த்தார்கள். வேறுபாடுகள் பூசி மெழுகப்பட்டன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அவர்கள் சொன்னதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனாலும் எந்தப் பத்தியில் தவறு என்று விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு அந்த ஏடு தெளிவாக இருந்ததால்தான் அந்த எதிர்ப்பே சாத்தியமாயிற்று. ஜனவரி மாதச் செய்திகளை எதிர்த்து எந்தப் பேராசிரியரும் கையெழுத்துத் திரட்டுவதில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 2016 அக்டோபர் 5 அன்று பிரான்சிஸும் கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியும் வெளியிட்ட பிரகடனம் தேறிவிடுகிறது. பெண்களுக்குக் குருத்துவ அருள்பொழிவு, பாலியல் குறித்த கேள்விகள் ஆகியவற்றைத் தடைகள் என்று அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அவற்றுக்குத் தீர்வு தங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரி 12 அன்று ஹவானா விமான நிலையத்தில் பிரான்சிஸும் மாஸ்கோ முதுபெரும் தந்தை கிரிலும் கையெழுத்திட்ட 30 பத்தி அறிக்கை தேறவில்லை. ரோமின் திருத்தந்தை ஒருவரும் மாஸ்கோவின் முதுபெரும் தந்தை ஒருவரும் வரலாற்றில் முதன்முறையாகச் சந்தித்த நிகழ்வு அது. உக்ரைனில் நடந்துகொண்டிருந்த மோதலைப் பற்றி வருந்திய அந்த அறிக்கை, எல்லாத் தரப்பினரும் விவேகத்தோடு நடந்து அமைதிக்கு உழைக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டது. ரோமின் தலைமையை ஏற்ற உக்ரேனிய கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் ஸ்வியாத்தோஸ்லாவ் ஷெவ்சுக், தம் மக்கள் பலர் வத்திக்கானால் கைவிடப்பட்டதாக உணர்வதை வெளிப்படையாகச் சொன்னார். மேடையில் இருவர் கைகுலுக்கும்போது, அந்த அறையில் இல்லாத மூன்றாமவரின் செலவில் அது நடக்கிறதா என்று கேட்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்திய அறிக்கை இது.

தெளிவின்மை சில சமயம் கடைசி நேரத்தில்தான் நுழைகிறது. 2017 ஏப்ரல் 28 அன்று கெய்ரோவில் பிரான்சிஸும் எகிப்தின் காப்டிக் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரான திருத்தந்தை இரண்டாம் தவாத்ரோஸும் வெளியிட்ட அறிக்கை, ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் மற்றச் சபையில் சேர விரும்பும்போது ஞானஸ்நானத்தை மீண்டும் கொடுக்காதிருக்க உண்மையாக நாடுவோம் என்றது. கொடுக்க மாட்டோம் என்று அல்ல. இதில் காப்டிக் திருச்சபைக்குள் இருந்த எதிர்ப்பு தெரிகிறது. அந்த எதிர்ப்பை நேரடியாகக் குறிப்பிட்டிருந்தால், இரு சபை மக்களுக்கும் நிலவரம் புரிந்திருக்கும். 2024 மார்ச்சில் காப்டிக் திருச்சபையின் ஆயர் மன்றம், ஒருபால் இணைகளுக்கான ஆசீர்வாதம் குறித்து ரோம் வெளியிட்ட ஏட்டையடுத்து, கத்தோலிக்கருடனான இறையியல் உரையாடலை நிறுத்திவைத்தது.

அன்பான சைகைகளுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மிகுந்த மதிப்பு உண்டு. 1965 டிசம்பர் 7 அன்று திருத்தந்தை ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை அதெனகோரஸும், ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் 1054-ஆம் ஆண்டில் ஒன்றன்மீது ஒன்று விதித்த சபை நீக்கங்களைத் திருச்சபையின் நினைவிலிருந்து அகற்றினார்கள். பத்தாண்டு நிறைவின்போது, அதே ஆறாம் பவுல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு, கான்ஸ்டான்டிநோபிளின் பிரதிநிதியாக வந்திருந்த பேராயர் மெலித்தோனின் பாதங்களை முத்தமிட்டார். உடன்பாடு ஏற்பட்டுவிட்டது என்று அந்தச் செயல் சொல்லவில்லை. ரோம் தன்னைத் தாழ்த்துகிறது என்று சொன்னது, அதை யாரும் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளவில்லை. 1965 பிரகடனமும், இந்தச் செயல் பழைய வேறுபாடுகளுக்கும் புதிய வேறுபாடுகளுக்கும் முடிவு கட்டப் போதாது என்பதைத் தன் வாசகத்திலேயே கூறிக்கொண்டது.

ஆண்டுக்கணக்கில் பதிலே வராமல் இருப்பதும் ஒருவகை மங்கல்தான். இரு சபைகளின் கோட்பாட்டு உரையாடலுக்கான ஆங்கிலிக்கன்–கத்தோலிக்க ஆணைக்குழு தன் இறுதி அறிக்கையை 1982-ல் வெளியிட்டது. ரோமின் அதிகாரபூர்வ மறுமொழி 1991-ல் வந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்துத் திருச்சபை பெண்களைக் குருக்களாக்க வாக்களித்துவிட்டது. தம் தலைமைப் பதவியின் செயல்முறை குறித்து மற்றச் சபைகள் தம்மோடு உரையாட வேண்டும் என்று இரண்டாம் ஜான் பால் 1995-ல் அழைத்தார். வந்த பதில்களைத் தொகுத்து வத்திக்கான் ஓர் ஆய்வேட்டை வெளியிட்டது 2024-ல்.

இறையியல் சிக்கல் மிகக் குறைந்த ஒரு விஷயத்தில்கூட நிலைமை இதுவே. ஈஸ்டர் ஒரே நாளில் கொண்டாடப்பட வேண்டும் என்ற விருப்பம் ஏறத்தாழ எல்லாக் கூட்டறிக்கைகளிலும் இடம்பெறுகிறது. 1963-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்றச் சபைகள் உடன்பட்டால் நிலையான ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஏற்கத் தனக்கு மறுப்பில்லை என்று அறிவித்தது. 1997 மார்ச்சில் அலெப்போவில் கூடிய கலந்தாய்வு திட்டவட்டமான ஒரு வழியை முன்வைத்தது: நைசீயச் சங்க மரபின்படியே, வசந்த காலச் சம இரவுக்குப் பின் வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு, கணக்கிடுவதற்கு இன்றைய வானியல், அடிப்படையாக எருசலேமின் தீர்க்கரேகை. மேற்கும் கிழக்கும் பின்பற்றும் இரண்டு நாட்காட்டிகளும் ஒரே நாளைக் காட்டிய 2001-ஐத் தொடக்கமாகக் கொள்ளலாம் என்றும் அது பரிந்துரைத்தது. 2001 கடந்துபோனது. நைசீயச் சங்கத்தின் 1700-ஆவது ஆண்டான 2025-லும் ஏப்ரல் 20 அன்று இரு தரப்புக்கும் ஈஸ்டர் ஒன்றாகவே வந்தது. அவ்வாண்டு முழுவதும் பொதுவான தேதிக்கான ஆவல் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டது. 2026-ல் மேற்குச் சபைகளுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 5, பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு ஏப்ரல் 12. அடுத்த கூட்டறிக்கையில் எனக்கு வேண்டியது ஆவல் அல்ல. அலெப்போ பரிந்துரையை எங்கள் சபை ஏற்கிறது, அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று கையொப்பத்தோடு கூடிய ஒரு வரி.